இரண்டு லிட்டர்

டேங்க் நிரம்பி, குழாய் டக்கென்று நின்றதும்
மீட்டரை எழுதிக்கொள்வேன்.
மறுநாள் அதே பங்க், அதே குழாய், அதே டக்.
ஓடிய தூரத்தை ஊற்றிய டீசலால் வகுத்தால்
ஒன்பது புள்ளி இரண்டு.

பன்னிரண்டு கொடுக்கும் என்று சொல்லித்தான்
தலையில் கட்டினார்கள் இந்த பிக்கப்பை.
உடுமலையில் ஏற்றுவது முப்பது மூட்டை கோழித்தீவனம்.
மேற்கே ஆறு பண்ணை.
போக வர நூற்று முப்பது கிலோமீட்டர்.

நோட்டில் நாலு கட்டம் போட்டேன்.
தேதி. கிலோமீட்டர். லிட்டர். காரணம்.

விடியுமுன், டயர் சூடேறுமுன் காற்றடித்தால்
கொஞ்சம் கூடுகிறது.
ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினார் ஜாபர் பாய்.
பாதி தவிடு, பாதி செம்மண்.
"டீசல் வண்டி பசி தாங்கும், தூசி தாங்காது" என்றார்.
தார்ப்பாய் படபடப்பதும் காசுதான் என்று
ஒருநாள் வண்டிக்குப் பின்னால் போனபோது தெரிந்தது.
கயிற்றை இன்னும் நாலு முடிச்சு இறுக்கினோம்.
மேலே துருப்பிடித்துக் கிடந்த கேரியரை
எடைக்குப் போட்டேன்.
பத்து புள்ளி ஒன்று.

ஆடி பிறந்தது.
பாலக்காட்டுக் கணவாய் வாய் திறந்தால்
கோமங்கலம் ரோட்டில் புளியமரங்களே
கிழக்கே குனிகின்றன.
லோடு ஏற்றிப் போகையில் எதிர்காற்று,
காலியாகத் திரும்பும்போது தள்ளிவிடுகிறது.
காட்டுக்குள் நிற்கும் காற்றாலைக்கு
அதே காற்று வரவு,
எனக்குச் செலவு.
காரணம் கட்டத்தில் 'காற்று' என்று எழுதினேன்.
ஆவணியில் காற்று அடங்கியது.
கணக்கு அடங்கவில்லை.

நாளுக்கு இரண்டு லிட்டர்.
இரண்டு லிட்டர் என்பது ஒரு தண்ணீர் பாட்டில்.
ஒரு பாட்டில் என்பது
சீட்டுக்கடியில் ஒளிக்கக்கூடிய அளவு.

திருமூர்த்தி சாப்பிடப் போன நேரத்தில்
சீட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
ஜாக்கி, இன்சூரன்ஸ் நகல்,
பிரிக்காத கடலைமிட்டாய் ஒன்று.
ரப்பர் குழாய் இல்லை.
இல்லாததும் ஒரு சாட்சியாகவே பட்டது.

வியாழக்கிழமை மொபெட்டில் பின்தொடர்ந்தேன்.
முதல் பண்ணை.
வண்டியை நிறுத்தினான், இன்ஜினை நிறுத்தவில்லை.
மூட்டை தோளேறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஆளில்லாத சீட்டோடு வண்டி
தனியே நடுங்கிக்கொண்டு நின்றது.
இருபத்தைந்து நிமிடம்.
இரண்டாவது பண்ணையிலும் அப்படியே.
மூன்றாவதில் வேலி ஓரம் போய் நின்று கேட்டேன்,
"ஏப்பா, ஆப் பண்ண மாட்டியா?"

திடுக்கிட்டவன் மூட்டையோடு திரும்பினான்.
"பேட்டரி செத்துப்போச்சுங்க.
நிறுத்துனா செல்ப் எடுக்காதுங்க.
தள்ளறதுக்கு இங்க ஆருங்க இருக்கறாங்க?"

"சொல்ல வேண்டியதுதானே?"

மூட்டையை இறக்கி வைத்தான்.
தலைத்துண்டை உதறினான்.
"போன மாசம் கிளட்ச் பிளேட்டுக்கு வஞ்சீங்களே,
அதுவே இன்னும் தீரலீங்க."

நான் வைதது நினைவிருக்கிறது.
தீவன மில் கேட்டருகில், எடைமேடைக்காரன் பார்க்க.
வாடகை வராத கோபத்தைக்
கிளட்ச் மேல் இறக்கிய நாள் அது.

அன்று சாயங்காலமே புது பேட்டரி.
ஐயாயிரத்து எண்ணூறு. பழசுக்கு அறுநூறு கழித்தார்கள்.
மறுநாளும் ஒரு வேலையும் இல்லாமல்
மொபெட்டில் கோமங்கலம் வரை போனேன்.
சாவியைத் திருப்பி அணைத்தான்.
ஷெட்டுக்குள் அத்தனை ஆயிரம் குஞ்சு கத்துவது
அப்போதுதான் கேட்டது.

பன்னிரண்டு புள்ளி ஒன்று.
காரணம் கட்டத்தின் மேல்
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
'பேட்டரி' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

சனிக்கிழமை வண்டியைக் கழுவிவிட்டு
சாவியைக் கொடுக்க வந்தவன்
படியிலேயே நின்றான்.
"வைப்பருங்க" என்றான்.
"ரெண்டு மாசமா ஓடலீங்க."