கம்பளி நூல் பன்னிரண்டு

சுங்கை காடுட்டில்
தச்சுப் பட்டறைக்கும் மீன் கிடங்குக்கும் நடுவே
வாடகைக்கு எடுத்த கொட்டகை.
உள்ளே, இறக்கை பூட்டாத விமானம் ஒன்று.
மூக்கில் பழைய காரின் எஞ்சின்.
வாலை லாரியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம்,
பறந்துவிடும் என்ற பயத்தில் அல்ல,
பக்கத்துப் பட்டறைக்காரர் பயப்படுகிறார்.

மூன்று பேர் நாங்கள்.
கியோங் வீ அச்சகத்தில் இரவு வேலை.
ரொஸ்மான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான்.
நான் வீடு வீடாகப் போய் ஏர்கான் கழுவுகிறவள்.
அறையின் சூட்டை அள்ளி
ஜன்னலுக்கு வெளியே கொட்டுவது என் பிழைப்பு.

சண்டை ஒரு தகரப் பெட்டியைப் பற்றி.
ரேடியேட்டரை எங்கே வைப்பது?
மோவாய்க்குக் கீழே, என்றான் கியோங் வீ.
குழாய் குட்டை, ஒழுகினால் உடனே தெரியும்.
வயிற்றுக்குக் கீழே, என்றான் ரொஸ்மான்.
மூக்கு அழகாக இருக்கும்.
அழகு ஜெயித்தது.
எட்டடிக் குழாய் வாங்கினோம்.

சனிக்கிழமை, மதியம் இரண்டு.
நிழலிலேயே முப்பத்து மூன்று டிகிரி.
(கையேடு எழுதியவர்கள்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதியிருப்பார்கள்.)
ஏழாவது நிமிடம் நூற்றுப் பத்து.
ஒன்பதாவது நிமிடம் நூற்றுப் பதினெட்டு.
அலாமாக், என்று ரொஸ்மான் கத்தும்போதே
மூடியோரம் பச்சைநீர் கொப்பளித்து
இனிப்பு வாசனையோடு தரையில் ஓடியது.

வாயைப் பெரிதாக்கினோம்.
நூற்றுப் பத்தொன்பது.
இன்னும் வெட்டினோம்.
நூற்றிருபத்தொன்று.
கியோங் வீ எதுவும் சொல்லவில்லை.
அவன் சொல்லாதது
கொட்டகை முழுக்கக் கேட்டது.

அந்த வாரம் ஈசூனில் ஒரு வீடு.
குளிரவே இல்லை என்றார்கள்.
வெளிப்பெட்டியின் முன்னால்
பழைய மெத்தையை நிறுத்திவைத்திருந்தார்கள்.
விட்ட மூச்சையே திரும்ப இழுத்து
திணறிக்கொண்டிருந்தது எந்திரம்.
மெத்தையை நகர்த்தினேன். நாற்பது வெள்ளி.
மாடிப்படியில் பாதி இறங்கும்போது
எனக்கு உறைத்தது.

தேக்காவில் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி
பன்னிரண்டு துண்டுகளாக நறுக்கி
ரேடியேட்டரின் வாயோரம் ஒட்டினேன்.
எஞ்சின் உறுமியது.
ஒன்பது நூல்கள் உள்ளே சாய்ந்தன.
மூன்று, காற்றை எதிர்த்து
வெளியே நாக்கு நீட்டின.

வாசல் கல்யாண மண்டபம்,
புழக்கடை எலிப்பொந்து.
போன காற்று போக வழியில்லாமல்
வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

பின்பக்கத்தை வெட்டித் திறந்தோம்.
கீல் வைத்து ஒரு மடல்.
வாயைப் பழையபடி சிறிதாக்கி
வயிற்றிலிருந்து இரண்டு விரல் இறக்கினோம்:
உடலை ஒட்டி ஓடும் காற்று சோம்பேறி,
அதை நம்பக் கூடாது.
தொண்டையை மெல்ல மெல்ல அகலமாக்கினோம்.
இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தோம்.
ஒழுங்காக உள்ளே போகும் காற்று
ஒரு பொத்தல் கண்டால் போதும், நழுவிவிடும்.

தொண்ணூற்று நாலு.
பத்து நிமிடம். பதினாலு நிமிடம்.
தொண்ணூற்று நாலு.
மீன் கிடங்கின் பையன்கூட எட்டிப் பார்த்தான்.

அணைத்தோம்.
அப்போதுதான் முள் ஏறியது.
தொண்ணூற்றெட்டு. நூற்று மூன்று.
ஓடும்போது அள்ளிப்போக ஆள் இருந்தது,
நின்றதும் உள்ளே கிடந்ததெல்லாம்
மேலே வருகிறது.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.
நூற்றைந்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
முள் இறங்கத் தொடங்கியது.
மோவாயிலேயே வைத்திருக்கலாம், என்றான் ரொஸ்மான்.
இல்லை, இது அழகாக இருக்கிறது, என்றான் கியோங் வீ.

பறக்க அனுமதி கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.
இறக்கைக்கு இன்னும் காசில்லை.

மூன்றரைக்கு உட்லண்ட்ஸில் ஒரு வீடு,
தண்ணீர் சொட்டுகிறதாம்.
ஏணியில் ஏறி மூடியைக் கழற்றி
கழுவி, மாட்டி, ஓடவிட்டேன்.
என் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டு வந்த
சிவப்பு நூல் ஒன்று
விறைத்து நிமிர்ந்து
கீழே தூங்கும் பிள்ளையைக் காட்டியது.
காற்றின் திசையைச்
சற்றே சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு
இறங்கினேன்.