கிராஸிங்

ஆறு நாற்பத்திரண்டுக்கு வந்துவிடுகிறது மெமு.
ஏழு ஐந்துக்குத்தான் கிளம்பும்.
ஹீலலிகேயில் இது தினப்படி.
எதிரே சேலம் பக்கமிருந்து ஒரு விரைவு வண்டி,
இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம்.
பெரியவர்கள் போகும்வரை
சின்னவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பிளாட்பாரம் தாழ்வு, படி உயரம்.
முனிரத்தினம்மா முதலில் கூடையை ஏற்றுவாள்,
பிறகு என்னை,
கடைசியில் தன் முழங்கால்களை
ஒவ்வொன்றாக.

டிக்கெட் ஜன்னல் வண்டிக்கு இருபது நிமிடம் முன்புதான் திறக்கும்.
ஓசூர் என்றால்
ஹொசூரா என்று திருப்பிக் கேட்பார்.
இரண்டு ஊருக்கும் பத்து ரூபாய்தான்.

பொம்மசந்திராவில் பகலெல்லாம்
மாத்திரைப் பட்டைகளை எண்ணுகிறவள் நான்.
பத்து, பத்து, பத்து.
வேலை முடிந்தது விரல்களுக்குத் தெரியாது.
ஜன்னல் கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றன,
எட்டோடு நின்றுவிட்டதில்
அவற்றுக்குக் கொஞ்சம் குழப்பம்.

மார்கழி என்பதால் மடி நிறைய அவரைக்காய்.
அவள் உரிக்கிறாள், நானும் உரிக்கிறேன்,
தொலி ஜன்னலுக்கு வெளியே, பருப்பு தூக்கில்.
வாசற்படியில் செக்யூரிட்டி சட்டையோடு பிபுல்
அசாமுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறான்.
யாருக்கும் பாஷை தெரியாதென்று
தைரியமாக, உரக்க.
சண்டை எங்களுக்கு நன்றாகவே புரிகிறது,
காரணம்தான் தெரியவில்லை.
திடீரென்று அவன் சிரித்தபோது
எதிர் சீட்டுக்காரர் அப்பாடா என்றார்.

தரை உலுங்கியது.
வெளிச்சச் சதுரங்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின.
ஒரு சதுரத்தில் யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள்,
வகிடு எடுத்து முடிப்பதற்குள்
பெங்களூருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது தண்டவாளம் வருகிறதாம்.
ஜல்லி கொட்டியாயிற்று.
வேலியோரம் ஸ்லீப்பர் கட்டைகள் அடுக்கியிருக்கின்றன,
பத்து, பத்து, பத்து.
இனி யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம் என்று
பேப்பரில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார் எதிர் சீட்டுக்காரர்.
பெட்டி முழுக்கச் சந்தோஷம்.
நானும்தான் கைதட்டினேன்.

பிறகு கணக்குப் போட்டேன்.
இருபத்துமூன்று நிமிடம் முன்னால் போனால்
இருபத்துமூன்று நிமிடம் முன்னால் அடுப்பு.
எட்டு மணிக்குப் பசிக்கிறவர்களுக்கு
ஏழரைக்கே பசிக்கும்.
காலை நீட்டி உட்கார
இந்த மரப்பலகை அளவுகூட
அந்த வீட்டில் எனக்கு இடம் கிடையாது என்பதை
யாரிடம் மனுக் கொடுப்பது,
ரயில்வேயிலா?

முனிரத்தினம்மாவிடம் சொன்னேன்.
தூக்கை மூடினாள்.
“மொதல்ல போடட்டும்டி.
இவங்க போட்டுக் கிழிச்சாங்க.”

சிக்னல் பச்சையானது.
வண்டி ஒருமுறை இழுத்து, நின்று,
யோசித்து,
மறுபடி இழுத்தது.
என் கையில் இன்னும்
நாலு காய் மிச்சம்.