மைனஸ் பதினெட்டு

விஜயராணி சஸ்கட்டூனில் வீடு வாங்கிவிட்டாள்.
சமையலறைச் சன்னலுக்கு வெளியே
பத்தடிக்கு ஆறடி வெற்று மண்.
ரோஜா வைக்க வேண்டுமாம்.
எது தாங்கும், பார்த்துச் சொல் என்று
விவாகரத்தாகி ஏழு வருஷம் கழித்து
என்னைக் கேட்கிறாள்.

ஈசூன், ஒன்பதாவது மாடி.
தாழ்வாரத்தில் எனக்கென்று மூன்று தொட்டி,
அதில் ஒன்று கறிவேப்பிலை.
நடைபாதையை அடைக்காதீர் என்று
நகர மன்றம் ஒட்டிய மஞ்சள் தாள்.
பனியை நான் பார்த்தது
ஐஸ் கச்சாங்கில் மட்டும்.

இருந்தாலும் கேட்டுவிட்டாள்.
வேலைச் சட்டையைக் கழற்றாமல்
நர்சரிப் பட்டியல்களோடு உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஓர் எண்.
எண் சிறுக்கச் சிறுக்க வைராக்கியம் கூடும்.
ஐந்தும் ஆறும் அழகிகள்,
பாதாம் நிறத்தில் அடுக்கடுக்காய் இதழ்.
அவள் ஊருக்கு மூன்றாவது வேண்டும். இரண்டென்றால் நிம்மதி.
இரண்டில் கிடைப்பவை
சுருங்கிய இலை, தண்டெல்லாம் முள்,
ஐந்தே இதழ்.
கல்யாண மேடையில் யாரும் வைக்கமாட்டார்கள்.

எங்கள் மேடையில் வைத்தது கேமரன் மலை ரோஜா.
ஈரத்துணி சுற்றி இரவோடு இரவாக லாரியில் வந்து
மாலை மாற்றுவதற்குள் விளிம்பு கறுத்தது.
பிறகு தாம்சன் சாலையில் அவளுக்காக வாங்கிய செடி
சீனப் புத்தாண்டுக்கு வந்து
தீபாவளி பார்க்காமல் போனது.
கரும்புள்ளி, மழை, வேர் அழுகல்.
மருந்தடித்தேன். உரம் போட்டேன்.
தினமும் இடம் மாற்றி வைத்தேன்.
கொஞ்சம் சும்மா விடேன், என்றாள்.
செடியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

புதன் இரவு பதினொன்றரைக்கு
புளோக்குக்குக் கீழே பேரங்காடிக்குப் போய்
உறைபெட்டியின் கண்ணாடி மூடியைத் தள்ளி
பரோட்டாவுக்கும் மீன் உருண்டைக்கும் நடுவே
முழங்கை வரை கையை விட்டேன்.
சிவப்பு எழுத்தில் மைனஸ் பதினெட்டு.
எண்ணினேன்.
இருபதில் விரல் நுனி.
நாற்பதில் எலும்பு.
அறுபதில் கை என்னுடையதாக இல்லை.
அவள் ஊர் இதற்கும் கீழே இருபத்திரண்டு.
அதில் காரைத் தோண்டி எடுத்து
காலை ஷிப்டுக்குப் போகிறாள்.

"அங்கிள், என்ன தேடுறீங்க?"
பால் டப்பா அடுக்கிக்கொண்டிருந்த பெண்.
ரோஜா, என்றேன்.
"பிளாஸ்டிக்கா? மூணாவது வரிசை."

அன்றிரவே எழுதினேன்:
ஒட்டுச்செடி வாங்காதே, ராணி.
குளிரில் மேல்பாதி செத்துவிடும்.
கீழிருந்து துளிர்ப்பது வேறு யாரோ.
பழைய பெயர்ச்சீட்டைக் கட்டிக்கொண்டு
வேறு பூ பூக்கும்.
சொந்த வேரில் நிற்பதாகக் கேட்டு வாங்கு.
தரைவரை கருகினாலும் அதுவாகவே திரும்பி வரும்.
ஆகஸ்டுக்குப் பிறகு உரம் வேண்டாம்,
தூங்கப்போகிறதை எழுப்பிச் சோறூட்டாதே.
கடைசிப் பூக்களை வெட்டாதே, காய் பிடிக்கட்டும்.
வேலை முடிந்தது என்று செடிக்கு
அப்படித்தான் தெரியும்.
இந்தப் புத்தி எனக்கு எப்போது வந்ததென்று கேட்காதே.

கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் மழை தாழ்வாரத்துக்குள் சாரலடித்து
ஓய்ந்த ஒரு பிற்பகலில் படம்.
முழுக்க வெள்ளை.
மூன்று மூங்கில் குச்சி, உச்சியில் சிவப்பு நூல்.
"இங்கேதான் இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மின்விசிறி ஓடுகிறது, முதுகு வியர்க்கிறது.
மூன்றாவது குச்சி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
சொல்லலாமா என்று யோசித்து
விட்டுவிட்டேன்.