மூவாயிரம் ரூபாய்க்குள்

"எல்லாம் காலத்தை வென்ற கதைகள், டீச்சர்."
ஹட்டன் கடைக்காரர் தூசு தட்டினார்.
எங்கள் பிள்ளைக் காம்பராவில் அவை
முதலில் டிலோஜனின் பல்லை வெல்லவேண்டும்.
அட்டையை வளைத்து வளைத்துப் பார்த்தேன்.

ஒட்டகக் கதை? வெயில் அதிகம்.
எட்டு நாளாக இங்கே கொடியில் சட்டை காயவில்லை.
ராஜா கதையில் எல்லோரும் குனிந்து நிற்கிறார்கள்;
அது பெரட்டுக்களத்திலேயே கிடைக்கும்.

அம்மா காட்டுக்குப் போய்
இருட்டியும் வராத கதையை எடுத்தேன்,
வைத்தேன்.
பஸ் ஹோன் அடித்தபின்
ஓடிவந்து வாங்கினேன்.

கடைசிப் பக்கத்தில் அம்மா வருவாள்.
அந்தப் பக்கம்தான் முதலில் கிழிந்தது.
இப்போது வாயால்தான் சொல்கிறோம்,
கொழுந்து லொறி வளைவில் திரும்பும்வரை.
அதன்பின் கதை யாருக்கும் வேண்டாம்,
குவைத்தில் தாயுள்ள
சர்மிகாவுக்கு மட்டும்
மறுபடி முதலிலிருந்து.