பூஜ்யத்தின் கீழ் பதினான்கு

அரையாண்டுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்.
பலகையில் எழுதிவிட்டேன்:
ஒன்றின் கீழ் பதினான்கு, கூட்டல்,
இரண்டின் கீழ் பதினான்கு.
பகுதிகள் ஒன்றானால் தொகுதிகளை மட்டும் கூட்டுக.
ஐந்து முறை எழுதுங்கள் என்று
வாய் திறக்கும்போது
விமலேந்திரன் சொன்னான்:
"டீச்சர், அது நம்ம ரோட்டு போர்டு."

ஆமாம். மஞ்சள் போர்டு.
கொண்டை ஊசி வளைவு 1/14.
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலையேறி
பதினேழு வருடமாக அதைக் கடக்கிறேன்.
ஒரு நாளும் பின்னமாய்ப் பார்த்ததில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தேன்,
அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல்.

போன வாரத் தாளில்
மூன்றின் கீழ் இருபத்தெட்டு என்று எழுதிய ஷமீலா
பையிலிருந்து தாளை எடுத்துத் தானே அடித்தாள்.
"பஸ் ஏறினா மலைக்கு வளைவு கூடிருமா?
பதினாலு பதினாலுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அப்படியானால் பாதி மலை எங்கே என்று
கேட்டுத் தொலைத்தேன்.

ஏழாவது வளைவு என்றது முன்பெஞ்சு முழுவதும்.
இல்லவே இல்லை, என்றாள் ஜெனிட்டா.
அவளுக்கு வாந்தி வருவது ஐந்தில்.
அதற்கப்புறம் ரொம்ப நேரம் எதுவுமே வராது,
பலாப்பழக் கடை, குரங்கு, பாலம்,
மறுபடி குரங்கு,
பிறகுதான் ஆறு.

காளன் பேசாமல் எழுந்து வந்து
தரையில் ஒரு சணலை நீட்டினான்.
பதினான்கு முடிச்சு போட்டான்,
சிலது நெருக்கி, சிலது தள்ளி.
முனையோடு முனை சேர்த்து மடித்தான்.
மடிப்பு விழுந்த இடத்தில்
முடிச்சே இல்லை.

"அப்ப போர்டு பொய்யா?"
"பொய்யில்ல. அது வளைவை எண்ணுது.
தூரத்தை யாரும் எண்ணல."
"எங்கண்ணன் பாதின்னு சொல்லிப்
பிச்சுக் குடுக்குற பன் மாதிரி."
கடைசியாகச் சொன்னது யாரென்று தெரியவில்லை.
மூன்று பேர் தான்தான் என்கிறார்கள்.

அன்றைய நோட்டில் தேதி மட்டும் இருந்தது.
தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்து
ம்ம் என்றார்.
அந்த ம்ம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மணி அடித்த பிறகு, ஒரு கை பைக்குள் நுழைந்தும்
மறு கை நுழையாமலும் நின்று
ஷமீலா கேட்டாள்:
"பூஜ்யத்தின் கீழ் பதினாலு எங்க இருக்கு டீச்சர்?"

ஐந்தேகால் பஸ்ஸில் சண்டை போட்டு
ஜன்னலோரம் பிடித்தேன்.
மூன்று. இரண்டு. ஒன்று.
பிறகு போர்டு எதுவும் இல்லை.
பாக்குத் தோப்பு, கொஞ்சம் வெக்கை,
ஓட்டுநர் கியரை மாற்றும் சத்தம்.
சாலை எந்த இடத்தில் நேரானது?
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
தவறவிட்டேன்.