புகை ஆண்டு

ஆய்வகத்துப் பையன் காகிதத்தை நீட்டுகிறான்:
"சென்யோரா ஓதிலியா, உங்கள் வைனில் புகை."

தெரியும்.
பிப்ரவரியில் பைன் காடு பற்றியெரிந்தபோது
குவாரிலிவே மேடு மூன்று நாள் இருமியது.
குலைகள் அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தன.
சாத்திக்கொள்ள அவற்றுக்குக் கதவா இருக்கிறது?

அவன் பையில் வைத்தியம் உண்டு:
கரித்தூள், பொட்டலத்து ஈஸ்ட்,
செர்ரி மணக்க ஒரு சொட்டு.
ஒரே வாரத்தில்
எரியவே இல்லை என்று சாதித்துவிடலாம்.

போன வருஷம் இதே கொடி
ஈரக் கருங்கல்லைச் சொன்னது.
அதற்கு முந்தின வருஷம்
மழை பிந்தியதைச் சொன்னது.
அப்போதெல்லாம் தலையாட்டிக் குடித்தோம்.
இப்போது மட்டும் வாயைப் பொத்துவதா?

மூங்கில் தட்டியில் தேய்த்து உதிர்த்தேன்.
தோலோடு வந்த நுண்ணுயிரே நொதிக்கவைத்தது.
நான் செய்ததெல்லாம்
தொட்டிக்குத் துணி கட்டியதும்
பழ ஈக்களை விரட்டியதும்தான்.

ஒரு கிண்ணம் ஊற்றுகிறேன்.
உறிஞ்சுகிறான், முகம் சுளிக்கிறான்,
ஜன்னல் பக்கம் திரும்பிக்
கரிந்த சரிவையே பார்த்தபடி
இன்னொரு மிடறு.

"பாதி விலைதான் கிடைக்கும்."

மலையிலும் பாதிதான் மிச்சம்.
எழுதிக்கொள்.