பூஜ்ஜியச் சீட்டு

முதல் மூன்று வாரம்
வெறுமனே தொங்கினேன்.

டயர் கொட்டகைக்குப் பின்னால்,
கழித்துவிட்ட பேருந்து ஒன்றிலிருந்து
மெக்கானிக் தணிகை அறுத்தெடுத்து
இரண்டு தூண்களுக்கு நடுவே பற்றவைத்த கம்பி.
பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும்
பதினாலு வருடம் யார் யாரையோ தாங்கியது.
கைபட்டுக் கைபட்டு நடுப்பகுதி மட்டும்
இன்னமும் பளபளக்கும்.

"இன்னா மேடம், துணி காயப்போட்டா மாரி கீறீங்க"
என்றார் ஓட்டுநர் ஜெபகரன்.
சிரித்தால் பிடி நழுவும்.
சிரிக்கவில்லை.

விடிகாலை நாலே முக்கால்.
முதல் நடைக்குப் பதினைந்து நிமிடம்.
வயது நாற்பத்தொன்று, எடை அறுபத்து மூன்று.
தோளிலிருந்து கீழே இருப்பதெல்லாம்
வேறு யாருடைய மூட்டையோ என்று தோன்றும்.
இழுத்தால்
முழங்கை கொஞ்சம் மடங்கும்,
கழுத்து நரம்பு புடைக்கும்,
அவ்வளவுதான். உடம்பு அங்கேயே நிற்கும்,
சில்லறை இல்லாத பயணி மாதிரி.

ஆனால் எனக்குக் கணக்கு தெரியும்.
நாளைக்கு எண்ணூறு சீட்டு கிழிக்கிறவள்.
பெண்களுக்குக் கொடுக்கும் சீட்டில் காசு இல்லை,
ஆனாலும் கிழிக்க வேண்டும்,
கையில் கொடுக்க வேண்டும்,
நடைத்தாளில் ஏற்ற வேண்டும்.
ஏறியவள் ஏறியவள்தான்.

அதனால்
தாடை கம்பியை எட்டாத ஒவ்வொரு இழுப்பையும்
பழைய நடைத்தாளின் பின்பக்கம்
பூஜ்ஜியச் சீட்டு என்று எழுதி வைத்தேன்.
ஆடி முடிய
நானூற்றுப் பதினொன்று.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை
தாடை மேலே வந்தது.
கம்பிக்கு அந்தப் பக்கம்
தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் ரயில்வே மதில்,
மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பூனை.
ஜெபகரன் டீ குடிக்கப் போயிருந்தார்.
பூனை சாட்சி சொல்லாது.

அப்புறம் வித்தை ஒன்றுமில்லை. எண்ணிக்கைதான்.
ஒன்று. இறங்கி மூச்சு. இரண்டு. இறங்கி மூச்சு. மூன்று.
திரும்பவும் ஒன்றிலிருந்து.
செத்து விழும்வரை இழுக்காமல்
கையில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கும்போதே விட்டுவிடுவது.
ஒவ்வொரு நடை முடிவிலும் கொஞ்சம்.
பெசன்ட் நகரில் கூட்டம் இறங்கியதும்
காலி வண்டியிலேயே முட்டியை மடித்துக்கொண்டு.
அங்கே முழுசாக ஏற முடியாது, கூரை இடிக்கும்.
அதை அரை டிக்கெட்டில் எழுதினேன்.

ஏறுவதைவிட
இறங்குவது கடினம் என்று
ஐப்பசியில்தான் புரிந்தது.
தொப்பென்று விழுந்தால் தோள் கேட்கும்.
கேட்டது. பதினொரு நாள் சீப்பைத் தூக்க முடியவில்லை.
அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்:
ஹோல்டான்... ஹோல்டான்...
படிக்கட்டில் பிள்ளையோடு இறங்குகிறவளுக்கு
வண்டியை நிறுத்தி வைப்பதுபோல
உடம்பை நிறுத்தி நிறுத்தி இறக்கினேன்.

விரல் அடியில் நாலு காய்ப்பு.
சில்லறை வாங்கிய பள்ளிக்கூடப் பெண்
கையைத் திருப்பிப் பார்த்து,
"அக்கா, சொரசொரன்னு இருக்கு" என்றாள்.
"டவுட்டன் எறங்கு" என்றேன்.

பங்குனியில் ஒரு நாள்
காலையிலிருந்து ராத்திரி கடைசி நடைவரை
எல்லாம் கூட்டினால் நூறு.
மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.
வசூலில் குறைந்தால் கையிலிருந்து கட்டுவோம்,
கூடினால் யாருக்கும் சொல்வதில்லை.
இதையும் சொல்லவில்லை.
தணிகையிடம் மட்டும்,
தூண் லேசாக ஆடுகிறது, பார் என்றேன்.

மறுநாள் விடிகாலை
பருவம் தப்பிய மழை.
கம்பியில் வரிசையாகத் துளிகள்.
துப்பட்டாவால் துடைத்துவிட்டுத் தாவினேன்.
இழுத்தேன்.
நேற்றைய நூறும் தோளில் உட்கார்ந்திருந்தது,
ஒன்றுகூட இறங்கவில்லை.
கை வழுக்கிக்கொண்டே வர
மூக்கு மட்டத்தில் நின்றேன்,
கொஞ்ச நேரம்.
பிறகு மெதுவாக, மிக மெதுவாக,
தரை.

ஜெபகரன் வண்டியைக் கிளப்பிவிட்டார்.
ஓடிப்போய் ஏறி,
ஈரக் கையால் தாளைத் திருப்பி,
எனக்கு நானே
ஒன்று கிழித்துக் கொடுத்தேன்.

ரைட்.